பதற்றமடையாத முனாஸ்

“அவசர வேளைகளில் பதற்றமடையாது நிதானமாகச் செயற்படக்கூடியவர். பொதுமக்களைத் தெளிவாக வழிநடத்தும் ஆற்றல் உடையவர்.”

சாய்ந்தமருதுக் கடற்கரையோரத்து அனர்த்த முன்னெச்சரிக்கைக் குழு ஒன்று முனாஸுக்குக் கொடுத்த அடையாள அட்டையின் பின்புறத்தில் இப்படி அச்சிட்டிருந்தார்கள். அட்டையோடு ஒரு செம்மஞ்சள் அங்கியும், கையில் பிடித்துக் கதைக்கும் மெகாபோன் ஒன்றும் கிடைத்தன. அங்கி அவனுக்கு இரண்டு அளவு பெரிது. வாசகம் அதைவிடப் பெரிது.

முனாஸுக்கு நாயென்றால் பயம், இடியென்றால் பயம், ஊசியென்றால் பயம். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் அதற்கும் பயம். ஒலுவில் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுவது அவனுடைய தொழில். கடலால் பிழைக்கிறான், ஆனால் ஒரு நாளும் தோணியில் கால் வைத்ததில்லை. குழுவில் அவனைச் சேர்த்ததற்கு வேறு காரணம் இருந்தது. சுனாமி வந்த காலையில் அவனுக்குப் பத்து வயது. கடல் உள்வாங்கியதும் ஊர்ப் பிள்ளைகள் துள்ளுகிற மீனைப் பொறுக்க ஓடியபோது, அவன் மட்டும் கத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினான். பிரதான வீதியையும் தாண்டி வயலுக்குள் போய்த்தான் நின்றான். அவனுடைய கத்தலுக்குப் பயந்து சிலர் பின்னால் ஓடிப் பிழைத்தார்கள். “ஓடத் தெரிஞ்சவன்தானே மத்தவன ஓடச் சொல்லணும்” என்று குழுத் தலைவர் காலிதீன் ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார்.

அன்று பின்னால் ஓடியவர்களில் மாமன் மகள் றாபியாவும் ஒருத்தி. கைக்குழந்தையாயிருந்த தங்கை ஸம்றாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அவர்களுடைய உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். அவர் வரவில்லை.

வளர்ந்த பிறகு, ஊர் வழக்கப்படி அவர்களுடைய வாப்பா கச்சிமுகம்மது மாமா மூத்த மகள் றாபியாவுக்கு வீட்டை எழுதிக் கொடுத்து, முனாஸை மருமகனாக அந்த வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை குடிவருகிறவன். வீட்டின் முன்னறையில் மாமா இருந்தார், பின்னறையில் முனாஸ் இருந்தான். மெகாபோன் அலுமாரிக்கு மேல் இருந்தது. அந்த வீட்டில் மெகாபோனின் சத்தமும் முனாஸின் சத்தமும் ஒரே அளவில்தான் கேட்டன.

மகள் நுஸ்ஹா பிறந்த பிறகு அவனுடைய பயங்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தன. பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி. வந்தால் சுருண்டு கிடப்பாள், தொடவிடமாட்டாள். முழங்காலிலும் பின்புறத்திலும் அரிசி அளவில் மஞ்சள் பருக்கள். சூட்டுக் கட்டி என்றார்கள், சந்தனம் பூசினார்கள். ஐந்து வயதில் ஒரு வலி வந்தது, இரண்டு நாளாகியும் போகவில்லை. ஆசுபத்திரியில் இரத்தம் எடுத்தார்கள்.

ஊசிக்குள் ஏறியது சிவப்பாக இல்லை. இளஞ்சிவப்பில், றோஸ் பாணி கலந்த பால் மாதிரி இருந்தது. தாதி ஒரு கணம் நின்று, பிறகு ஒன்றும் காணாதவள்போல் குப்பியை மூடினாள். கொஞ்ச நேரத்தில் குப்பியின் மேற்பாதி வெள்ளையாகப் படிந்துவிட்டது. மாதிரி பழுதாகிவிட்டது, திரும்ப எடுத்து அனுப்புங்கள் என்று ஆய்வுகூடத்திலிருந்து சொன்னார்கள். திரும்ப எடுத்தார்கள். அதே பால்.

முனாஸ் நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். “அல்லாஹ்வே, புள்ளட ரெத்தத்துல தேங்காப்பாலா ஓடுது?” என்றான். தாதிக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வி பாதி சரி என்பது அப்போது அங்கிருந்த எவருக்கும் தெரியாது.

பிள்ளை வைத்தியர் அழகரெத்தினம் ஆறுதலாக விளக்கினார். நாம் தின்னுகிற கொழுப்பு இரத்தத்துக்குள் வந்ததும் அதை உடைக்க ஒரு பொருள் வேண்டும். எல்லார் உடம்பும் அதைச் செய்யும், நுஸ்ஹாவின் உடம்பு செய்யாது. பிறவிக் குறை, ஆயிரத்தில் அல்ல, பல இலட்சத்தில் ஒன்று.

“நீங்க ரெண்டு பேரும் சொந்தமோ தம்பி?”

“மாமாட மகள், டொக்டர்.”

“அதுதான். உங்களுக்கிட்டயும் பாதி இருக்கு, அவவுக்கிட்டயும் பாதி இருக்கு. பாதியால ஆருக்கும் ஒண்டும் வராது. ரெண்டு பாதியும் ஒரு புள்ளையில சேந்தாத்தான் கரச்சல்.”

“மருந்து?”

“இதுக்கு எண்டு இஞ்ச மருந்தில்ல. சாப்பாடுதான் மருந்து. கொழுப்பு, எண்ணெய் வாயில படக்கூடாது. பட்டா வயித்துக்குள்ள கணையம் வீங்கும். அது உயிருக்கே வரலாம்.”

வைத்தியர் அதற்குப் பிறகும் நிறையச் சொன்னார். முனாஸின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் நின்றது. அன்று முதல் வாணலி சீறும் சத்தம் கேட்டாலே அவன் எழுந்து போய்ச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் கச்சிமுகம்மது மாமா முன்னறையில் கூட்டம் வைத்தார். கூட்டம் என்றால் அவர் பேசுவார், மற்றவர்கள் இருப்பார்கள்.

“ரெத்தத்துல நோய், குடும்பத்துல ஓடுற நோய் எண்டு ஊருக்குத் தெரிஞ்சா ஸம்றாவ எவன் எடுப்பான்?”

“மாமா, தெரியாட்டி புள்ளைக்கு ஆரும் எதையும் குடுத்திருவாங்க...”

“பூச்சி எண்டு சொல்லு. வயித்துப் பூச்சி. எந்தப் புள்ளைக்குத்தான் பூச்சி இல்ல?”

எஞ்சின் நின்றுபோன தோணியில் பொத்துவிலுக்கு அப்பால் இரண்டு இரவு மிதந்துவிட்டு, கரை ஏறியதும் முதல் வேலையாகப் பிளேன்டீ கேட்டவர் மாமா. கடலில் அவரைப் பயமுறுத்த ஒன்றும் இல்லை. தேநீர்க் கடை வாங்குப் பலகையில் நாலு பேர் தலையைக் கிட்ட வைத்துக் கதைத்தால் மட்டும் அவர் வேறு வீதியால் சுற்றிப் போவார். ஆக, அந்த வீட்டில் இரண்டு ஆண்களுமே பயந்தவர்கள். ஒருவருக்கு மட்டும் வீரன் என்று பெயர்.

றாபியா வீட்டைத் தலைகீழாக மாற்றினாள். எண்ணெய்ப் போத்தல் போனது, மாட்டிறைச்சி போனது, முட்டை போனது, பொரியல் போனது. பிள்ளை மெலிந்தாள். றாபியாவுக்கு மனம் பொறுக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரருக்கும் கொடுக்கிற பாலாணத்தை, மிளகாய் போடாத வெள்ளைக் கறியை, வைத்துச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தாள். வலி முன்னைவிட மோசமாக வந்தது.

“என்ன குடுத்தீங்க?” என்று கேட்டார் அழகரெத்தினம்.

“ஒண்டுமில்ல டொக்டர். சத்தியமா எண்ணெய் ஒரு சொட்டு இல்ல. வெறும் பாலாணமும் சோறும்.”

வைத்தியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “தங்கச்சி, தேங்காயில இருந்துதானே எண்ணெய் எடுக்குற?”

“அது கொப்பரா, டொக்டர். இது பால்தானே.”

அவளைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கரையில் தேங்காய்ப்பாலை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தண்ணீருக்கும் மருந்துக்கும் நடுவில் உள்ள ஒன்று. கொழுப்பைச் சொல் என்றால் இறைச்சியைச் சொல்வார்கள், நெய்யைச் சொல்வார்கள், சிலர் மருமகனைச் சொல்வார்கள். தேங்காய்ப்பாலைச் சொல்ல எவருக்கும் நா வராது. அழகரெத்தினத்துக்கும் அது முதல் நாளே சொல்லவேண்டியது என்று தோன்றவில்லை. அவருடைய மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் அன்றும் தேங்காய்ப்பால் சொதிதான் இருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. “இது ஆணமா, மழத் தண்ணியா?” என்று மாமா கேட்டார். கேட்டுவிட்டு மழைத் தண்ணீரையே ஊற்றிச் சாப்பிட்டார். தனக்கென்று வேறாகச் சமைக்கச் சொல்லவில்லை. இதையும் சொல்லவேண்டும்.

வீடு திருந்தியது. தெரு திருந்தவில்லை, திருந்துவதற்கு அதற்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. சொல்லப்பட்டது பூச்சி. எதிர்வீட்டு நுஸ்ரத் ராத்தாவுக்கு இரண்டு மகன்மாரும் கட்டாரில். அவர்களுக்கு ஊட்ட முடியாத சோற்றையெல்லாம் தெருப் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். பூச்சி என்று கேள்விப்பட்டதும் ராத்தாவின் இரக்கம் இரண்டு மடங்கானது.

“முனாஸ் தம்பி, பூச்சி புள்ளட உரத்தயெல்லாம் உறிஞ்சுது. நீங்க என்ன, வெறுஞ்சோறக் குடுத்துப் புள்ளயக் காயப்போடுறீங்களா? இஞ்ச அனுப்புங்க. முட்டைக் கோப்பி அடிச்சுத் தாறன். சாகாமத்துப் பக்கத்தால நல்ல எருமத்தயிரும் வந்திரிக்கி.”

“வேணாம் ராத்தா, அவளுக்கு ஒத்துக்காது.”

“தயிர் ஒத்துக்காத புள்ள உலகத்துல இரிக்கா? உங்கட மாமாக்குச் செலவு பொறுக்காட்டிச் சொல்லுங்க, நான் தாறன்.”

இப்படிக் கேட்டவரிடம் முனாஸ் என்ன சொல்வான்? மாமா சொல்லக்கூடாது என்றதைச் சொல்லப் பயம். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு நடப்பதை நினைத்து அதைவிடப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவன் செய்தது ஒன்றுதான். வேலையிலிருந்து நேரத்தோடு வந்து மகளின் பின்னால் தெருவில் நடந்தான். அவள் விளையாட நின்றால் மதிலோரம் நின்றான். யாராவது “நுஸ்ஹா, இஞ்ச வாங்க மகள்” என்று அன்பாகக் கூப்பிட்டால் அவனுக்கு வியர்த்தது. ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. “பொண்டாட்டிய வேவு பாக்குறவன் இரிக்கான், புள்ளய வேவு பாக்குறவன இப்பதான் பாக்குறம்” என்றார்கள்.

நோன்பு வந்தது. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள், பிள்ளைகள் வாளியும் கையுமாக ஓடுவார்கள். தேங்காய்ப்பாலும் இறைச்சியும் போட்ட கஞ்சி. அந்த நேரத்தில் றாபியா நுஸ்ஹாவை உள்ளே இருத்திக் கதவைச் சாத்துவாள். நோன்பின் நடுப்பகுதியில் ஒரு நாள் முன்கதவைச் சாத்தியவள் பின்வேலியை மறந்துபோனாள். வேலியோரமாகச் சுற்றி வந்த நுஸ்ரத் ராத்தா அதற்கு மேலால் ஒரு கோப்பையை நீட்டினார். ஆறு வயதுப் பிள்ளை, ஊரெல்லாம் மணக்கிற கஞ்சி. ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு, வாயைத் துடைத்து, வெற்றுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

நோன்பு திறக்கும் பாங்குக்கு முன்னமே சுருண்டுவிட்டாள். பச்சையாக வாந்தி எடுத்தாள், கண் சொருகியது. முனாஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரீவீலில் ஏறினான். வழியெல்லாம் அவளுடைய மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனான். மூச்சு விரலில் படும்போதெல்லாம், அடுத்தது படாது என்று நினைத்தான். பாங்கு எப்போது சொன்னது என்று அவனுக்குத் தெரியாது. ஆசுபத்திரி நடையில் றாபியா ஒரு பேரீச்சம்பழத்தை அவன் வாயில் வைத்தபோதுதான், தான் நோன்பு என்பது நினைவு வந்தது.

அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர்கள் நாட்களை எண்ணாமல் இருந்தார்கள். பிள்ளை கண் திறந்த பிறகு அழகரெத்தினம் வெளியே வந்தார்.

“இந்த முறை தப்பிட்டா. இன்னொரு முறைக்கு என்னால வாக்குத் தர ஏலாது தம்பி. ஆர் குடுத்த?”

“எதிர்வீட்டு ராத்தா.”

“புள்ளைக்கு என்ன வருத்தம் எண்டு அவவுக்குத் தெரியாதோ?”

“பூச்சி எண்டு சொல்லியிரிக்கி.”

“அப்ப அவ செஞ்சது சரிதானே” என்றார் வைத்தியர்.

பெருநாளுக்கு முந்திய நாள் காலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். புறப்படும்போது முனாஸ் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். மச்சினி ஸம்றாவுக்கு மருதமுனையிலிருந்து கலியாணம் பேசி வருகிறார்கள், கைத்தறிச் சாரன் வியாபாரக் குடும்பம். அவளுக்கும் இந்தக் குறை இருக்குமா?

“பாதி இருந்தாலும் இருக்கும். மாப்பிள்ள சொந்தமோ?”

“இல்ல டொக்டர், அசல்.”

“அசலெண்டா ஆகவும் நல்லது. பயப்பட ஒண்டுமில்ல.”

அந்தக் குடும்பத்தில் பயப்பட வேண்டாத ஒரே கலியாணத்துக்குத்தான் எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். முனாஸ் இதை வீட்டுக்குப் போய் மாமாவிடம் சொன்னான்.

“டொக்டர் பொண்ணு கேட்டு வரல்லயே மருமகன்” என்றார் மாமா. “பெருநாள் மூணாம் நாள் அவங்க வாறாங்க. வந்திட்டுப் போகட்டும். நாளைக்குப் புள்ளய அறையில வெச்சுப் பூட்டு.”

பெருநாள் காலையில் எங்கள் தெருக்களில் பிள்ளைகள் புது உடுப்போடு வீடு வீடாகப் போவார்கள். ஸலாம் சொன்னால் கையில் காசு, வாயில் வட்டிலப்பம். முட்டையும் கட்டித் தேங்காய்ப்பாலும் கித்துள் பாணியும் சேர்ந்து அவிந்த வட்டிலப்பம். வாய் திறக்காத பிள்ளையைப் பிடித்து ஊட்டுவது மரியாதை. வேண்டாம் என்பது அவமரியாதை. வீட்டுக்கு வந்த அன்று பகலே நுஸ்ரத் ராத்தா வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, பிள்ளையின் எலும்புக் கையைத் தடவி அழுதார். “நாளைக்கி என்ட வட்டிலப்பத்துல ஒரு துண்டு திண்டா எழும்பி ஓடுவாள், பாருங்க. பூட்டி வெச்சாலும் யன்னலால தருவன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். முனாஸ் எழுந்து போய் யன்னல் கம்பிகளின் இடைவெளியைக் கையால் அளந்து பார்த்தான். ஒரு கரண்டி தாராளமாக நுழையும்.

“வாப்பா” என்றாள் நுஸ்ஹா. “நாளைக்கி நான் வெளிய போகவா?”

“போய் என்ன செய்யப் போறீங்க மகள்?”

“ஒண்டும் திங்க மாட்டன். எல்லார் ஊட்டுலயும் மணந்து பாத்திட்டு வாறன்.”

அதற்குப் பிறகு நடந்ததால் விளைந்தவற்றை முதலில் சொல்லிவிடலாம். மருதமுனைக்காரர்கள் வரவில்லை. மாப்பிள்ளைக்கு விசா வந்துவிட்டது என்று சொல்லியனுப்பினார்கள், எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை. மாமா பயந்தது வீண் பயம் அல்ல. ஸம்றா ஹஜ்ஜுப் பெருநாள் வரை முனாஸுடன் கதைக்கவில்லை. கதைத்தபோது முதலில் சொன்னது, “மச்சான், அந்த மெகாபோனத் தாங்க, கோழியத் துரத்தணும்” என்பது. மாமா பாயைச் சுருட்டிக்கொண்டு கடற்கரை வாடிக் குடிசைக்குப் போய்ச் சில வாரம் படுத்தார். ஆனாலும் பிள்ளைக்கென்று முள் எடுத்த வெள்ளை மீனை ஒவ்வொரு காலையும் வாசலில் வைத்துவிட்டுப் போனார். நுஸ்ஹாவின் முழங்கால் பருக்கள் மெல்ல மறைந்துவருகின்றன. வத்தகைப் பழத்தில் அவளுக்கு வெறுப்பு வந்துவிட்டது, தெருவில் எல்லோரும் இப்போது அதைத்தான் கொடுக்கிறார்கள். நோய் போகவில்லை, போகாது. முனாஸ் இன்னும் நித்திரையில் எழுந்து மகளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறான்.

பெருநாளுக்கு முந்திய அன்றைக்கு, அஸருக்குப் பிறகு, தெருவின் எல்லா வீட்டிலும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். திருவலைகளின் கரகரப்பு இரு பக்கமும் கேட்டது. முனாஸ் கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து மெகாபோனை எடுத்தான். அங்கியை மாட்டினான், பொத்தான்கள் மாறி விழுந்தன. தெரு நடுவில் போய் நின்று கதைக்கிற பொத்தானை அமத்தினான். அமத்தியது அபாயச் சங்கின் பொத்தான். தவறுதலாக என்று அவன் இன்றும் சொல்கிறான்.

சங்கு ஊளையிட்டது. தெரு வெளியே கொட்டியது. திருவலையில் இருந்த பெண்கள் தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வந்தார்கள், எல்லாக் கண்ணும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தன. நுஸ்ரத் ராத்தா பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார். கச்சிமுகம்மது மாமா நுஸ்ஹாவைத் தோளில் போட்டு, ஸம்றாவை ஒரு கையாலும் றாபியாவை ஒரு கையாலும் இழுத்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடி வந்தார். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“கடல் எங்க?” என்று கத்தினார். “எங்கடா கடல்?”

“கடல் இல்ல மாமா” என்றான் முனாஸ். மெகாபோனில் அது தெரு முழுக்கக் கேட்டது.

“நாசமாப் போவான், ஈரக்கொலையே அத்துப் போச்சு” என்றார் நுஸ்ரத் ராத்தா.

மாமாவுக்கு விளங்கிவிட்டது. “மருமகன், வேணாம்” என்றார், மூச்சு வாங்கியபடி. பிள்ளை அவர் தோளில் இருந்தாள். எட்டிப் பிடிக்க அவருக்குக் கை காலியாக இல்லை.

முனாஸ் கதைக்கிற பொத்தானைத் தேடிப் பிடித்தான். என் மகளுக்குப் பூச்சி இல்லை என்றான். இது இரத்தத்தில் உள்ள நோய், என் பக்கத்திலிருந்தும் அவள் உம்மாவின் பக்கத்திலிருந்தும் வந்தது, ஆருக்கும் தொற்றாது என்றான். நெய், இறைச்சி, தயிர், முட்டை, தேங்காய்ப்பால், வட்டிலப்பம், இதில் எது வாயில் பட்டாலும் பிள்ளை செத்துப்போவாள் என்றான். பிறகு அடுத்த வளைவுக்கு நடந்து போய் அதையே சொன்னான். அந்தி மஃரிபு பாங்குக்குள், பள்ளிவாசல் முனையிலிருந்து கடற்கரை வரை, ஒரு வாசலையும் விடாமல் நின்று சொல்லி முடித்தான்.